ஒன்றாம் எண் ரத்தம்

என் அத்தானுக்கு எதிலும் ஒன்றாம் எண் வேண்டும். கார் நிறுத்தும் இடத்தில் முதல் கட்டம் அவருடையது. லிஃப்டில் முதல் ஆளாக ஏறுவார். இறங்கும்போதும் முதல் ஆளாக இறங்க வேண்டுமே, அதனால் உள்ளே கடைசியில் ஒட்டிக்கொண்டு நிற்கும் மனிதர், எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே வருவார். இடிபட்டவர்கள்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இந்த மகானுபாவர் வீட்டில் என் அக்காவின் கணவர், ஆய்வுக்கூடத்தில் டைரக்டர். காசநோய்க் கிருமி உடம்புக்குள் இருக்கிறதா என்று ரத்தத்தில் கண்டுபிடிக்கும் பரிசோதனை ஒன்றை நாங்கள் உருவாக்கினோம். அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று மதிப்பிடும் பிரிவு என் பொறுப்பு. மச்சினி என்பதால் வேலை போட்டுக் கொடுத்தார் என்று மாடிப்படியில் நின்று பேசுகிறவர்கள் உண்டு. பேசட்டும். அந்தப் பரிசோதனைக்கு வேண்டிய புரதங்களைத் தேர்ந்தெடுத்தது நான். அத்தான் தேர்ந்தெடுத்தது அட்டைப்பெட்டியின் நிறத்தை. அதற்கும் நாலு கூட்டம் போட்டார்.

விஷயம் ரொம்பச் சுலபம். காசநோய்க் கிருமி நுழைந்தவர்கள் எல்லோரும் இருமிக்கொண்டு படுத்துவிடுவதில்லை. பெரும்பாலானவர்களிடம் அது வருஷக்கணக்கில் தூங்கும். ஆனால் ஒருமுறை அதைச் சந்தித்த ரத்தத்துக்கு அதன் மேல் தீராத பகை. அந்தப் பகையைத்தான் அளக்கிறோம். ஒருவரிடமிருந்து மூன்று குழாய்களில் ரத்தம் எடுப்போம். முதல் குழாய் வெறும் குழாய். இரண்டாவதில் கிருமியின் புரதத் துணுக்குகள் இருக்கும். பழைய பகை இருந்தால் ரத்தம் அங்கே சீறும். மூன்றாவதில் எவருடைய ரத்தத்தையும் சீற வைக்கும் பொருள் ஒன்று இருக்கும். ரத்தத்துக்குச் சீறுகிற தெம்பு இருக்கிறதா என்று பார்க்கத்தான் அது. மூன்றாவது குழாயே சும்மா கிடந்தால் இரண்டாவது குழாயின் அமைதியை நம்ப முடியாது. அப்போது "கிருமி இல்லை" என்று சொல்லக் கூடாது, "சொல்ல முடியவில்லை" என்றுதான் சொல்ல வேண்டும். இது எங்கள் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும், தினமும் யாராவது அவரிடம் விளக்கிவிட்டுப் போவார்கள்.

அத்தானுக்கும் தெரியும். ஆனால் பிடிக்காது.

"சொல்ல முடியலைன்னு எழுதிக் குடுத்தா எவன் வாங்குவான்?" என்றார். "இருக்கு, இல்ல. ரெண்டே கட்டம் போதும். சொல்ல முடியாததை எல்லாம் இல்லையில போடு."

"அது பொய் அத்தான்."

"ஆபீஸ்ல அத்தான்னு கூப்பிடாத பாப்பா."

எனக்கு நாற்பத்திமூன்று வயது. ஆபீஸில் என்னைப் பாப்பா என்று கூப்பிடலாம், அவரை அத்தான் என்று கூப்பிடக் கூடாது. இதுதான் அங்கே நிர்வாகம்.

ரிப்போர்ட் தாள் இரண்டே கட்டங்களோடு அச்சாகி வந்தது. நான் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தேன். அதை அவர் மடித்து ஆடுகிற மேஜைக்காலுக்கு முட்டுக் கொடுத்திருந்ததைப் பிறகு பார்த்தேன்.

அடுத்தது மதிப்பீடு. தூங்குகிற கிருமியை நேரில் பார்க்க எந்த வழியும் கிடையாது. ஆகவே இரண்டு கூட்டம் ஆட்களைச் சேர்க்க வேண்டும். ஒன்று, ஏற்கெனவே காசநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள். அவர்கள் ரத்தம் சீற வேண்டும். இன்னொன்று, கிருமி அண்டவே வாய்ப்பில்லாதவர்கள். அவர்கள் ரத்தம் சும்மா இருக்க வேண்டும். இந்த இரண்டாவது கூட்டத்தைத்தான் கவனமாகத் தேட வேண்டும். யாரோடு வாழ்ந்தார்கள், எங்கே வேலை பார்த்தார்கள், வீட்டில் யாராவது நாள்பட இருமினார்களா என்று ஒவ்வொருவரையும் உட்கார வைத்து விசாரிக்க வேண்டும்.

அத்தான் விசாரிக்கவில்லை. "நம்ம ஸ்டாஃபையும் அவங்க குடும்பத்தையும் எடுத்துக்கலாம். எல்லாம் நல்ல குடும்பம்" என்றார். வெளுத்ததெல்லாம் பால் என்று நினைக்கும் ஜன்மம் அது. இஸ்திரி போட்ட சட்டைக்குள் கிருமி போகாது என்று அவருக்கு யாரோ சத்தியம் செய்து கொடுத்திருக்க வேண்டும். ஆரோக்கியமானவர்கள் என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயர் வைத்தார். பெயர்கள் தெரியக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு ரத்தத்துக்கும் ஓர் எண் கொடுத்தோம். ஆ-1, ஆ-2 என்று போகும்.

ஆ-1 யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா? முதல் நாள் போட்டோகிராஃபரை வரவழைத்து, முழுக்கைச் சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். ரத்தம் எடுத்து முடிந்ததும் குழாயைத் தானே வாங்கி, ஒட்டியிருந்த எண் கேமராவுக்குத் தெரிகிற மாதிரி திருப்பிப் பிடித்தார். ரகசிய எண்ணைப் படம் பிடித்துக் காட்டிய முதல் விஞ்ஞானி அவராகத்தான் இருப்பார்.

முடிவு வந்தது. ஆரோக்கியமானவர்களில் ஒருவரைத் தவிர எல்லோருடைய இரண்டாவது குழாயும் சும்மா கிடந்தது. ஆ-1 சீறியது. லேசாக அல்ல, நோயாளிகள் பட்டியலில் போட்டால் அங்கேயும் முன்வரிசையில் உட்காரும் அளவுக்கு. ஒன்றாம் எண்ணுக்கு ஆசைப்பட்டவருக்கு அது அங்கேயும் கிடைத்துவிட்டது.

ரத்தம் எடுத்த டெக்னீஷியனை அவர் அறைக்குக் கூப்பிட்டார். சுருட்டை முடிக்காரி என்பதால் நாங்கள் அவளைச் சுருட்டை என்போம். நானும் கூடப் போனேன்.

"குழாய என்னமா குலுக்கின?"

"எப்பவும் போலத்தான் சார். மெதுவா தலைகீழாத் திருப்பித் திருப்பி..."

"மெதுவா? மிக்ஸில போட்டு அடிச்ச மாதிரி இருக்கு ரிசல்ட்!"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். குழாயை முரட்டுத்தனமாகக் குலுக்கினால் ரிசல்ட் கெடும் என்பது உண்மைதான். ஆனால் அப்படிக் கெட்டால் வெறும் குழாயும் சேர்ந்து சீறும். அவருடைய வெறும் குழாய் பச்சைத் தண்ணீர் போல அமைதியாக இருந்தது. அதைச் சொன்னேன். மறுபடி எடுக்கச் சொன்னார். சுருட்டை மறுபடி எடுத்தாள், மறுபடி சீறியது. மூன்றாம் தடவை நானே ஊசி போட்டு எடுத்தேன். கொஞ்சம் வலிக்கிற மாதிரியே போட்டேன், அதை மறைப்பானேன். அப்போதும் சீறியது.

"ஆ-1ஐ விலக்கிடு" என்றார். "கையாளுதலில் தவறுன்னு போடு. அந்தப் பொண்ணுக்கு ஒரு எச்சரிக்கை நோட்டீஸ் அனுப்பு."

சொல்லி முடித்துவிட்டு இருமினார். அந்த இருமல் வந்து பல வாரங்கள் ஆகியிருந்தன. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கழுத்துப்பட்டை தொளதொளவென்று கிடந்தது. டயட்டில் இருப்பதாக அதற்கு விளக்கம்.

"அத்தான், நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்க. கிருமி உள்ள இருக்குன்னுதான் ரத்தம் சொல்லுது. தூங்குதா முழிச்சிக்கிச்சான்னு படத்துலயும் சளியிலயும்தான் தெரியும்."

"எனக்கா? டி.பி.யா? நான் என்ன தெருவுல படுத்துத் தூங்குறவனா?"

"அது மூச்சு வழியாப் போகுது. மூக்கு இருக்கறவங்க யாருக்கு வேணும்னாலும் வரும்."

"பாப்பா, வாய அடக்கு."

"சரி, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணு, உங்க உடம்புல கிருமி இருக்கு. இல்லைன்னா நீங்க பண்ணின டெஸ்ட் பொய் சொல்லுது. எது?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சுருட்டை குலுக்கினதுதான் காரணம்" என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சொல்கிறவரையாவது மன்னிக்கலாம். இவர் முயலே பிடிக்கவில்லை, காலை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார்.

அவர் செத்தால் சாகட்டும் என்று நான் போயிருப்பேன். இப்படி எழுதுவதில் எனக்குக் கூச்சமே இல்லை. ஆனால் அவர் இருமுகிற வீட்டில் என் அக்கா இருக்கிறாள்.

அக்காவுக்கு மூட்டுவாதம். விரல்கள் வேர்களைப் போல முறுக்கிக்கொண்டு கிடக்கின்றன. தலை வாரிக்கொள்ள முடியாது, குழாய் திருகைத் திறக்க முடியாது, டீ கப்பை இரண்டு கையாலும் அணைத்துத்தான் தூக்குவாள். மூட்டு டாக்டர் ஒரு புதிய ஊசி எழுதிக் கொடுத்திருந்தார். பல பேருக்கு அது விரலை நிமிர்த்தியிருக்கிறது. ஒரே ஒரு ஆபத்து உண்டு. உடம்பில் காசநோய்க் கிருமி தூங்கினால் அந்த ஊசி அதைத் தட்டி எழுப்பிவிடும். எழுந்தால் நுரையீரலோடு நிற்காது, மூளை வரை போகும். ஆகவே ஊசிக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை கட்டாயம்.

"வெளிய எதுக்குப் போகணும்? நம்ம டெஸ்ட் இருக்கே" என்று அத்தான் அக்காவின் ரத்தத்தை எங்கள் கூடத்திலேயே கொடுக்கச் சொன்னார். அக்கா வலிக்காக ஸ்டீராய்டு மாத்திரை விழுங்குகிறவள். அந்த மாத்திரை ரத்தத்தைத் தாலாட்டித் தூங்க வைத்துவிடும். அவளுடைய இரண்டாவது குழாய் சும்மா இருந்தது. மூன்றாவதும் சும்மா இருந்தது. சொல்ல முடியவில்லை என்று எழுதக் கட்டம் இல்லாத தாளில், "இல்லை" என்ற கட்டத்தில் டிக் அடித்து, அத்தான் தன் கையால் கையெழுத்துப் போட்டார். தன் சொந்தப் பெண்டாட்டிக்கு.

நான் மூட்டு டாக்டருக்குப் போன் செய்தேன்.

"ரிப்போர்ட்ல இல்லைன்னு தெளிவா இருக்கேம்மா" என்றார்.

"மூணாவது குழாய் வேலை செய்யல டாக்டர்."

"அப்படின்னா அதுல போட்டிருப்பாங்களே. டைரக்டரே கையெழுத்துப் போட்டிருக்காரு. நெஞ்சுப் படமும் சுத்தமா இருக்கு."

தூங்குகிற கிருமி படத்தில் தெரியாது என்று அந்தப் படிப்பாளிக்கு நான் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. நடுவிலேயே யாரோ நோயாளி காத்திருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

அக்காவிடம் போனேன். ஹாலில் உட்கார்ந்து விரல்களை வெந்நீரில் ஊற வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே பாத்ரூமில் அத்தான் இருமுவது கேட்டது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"இந்த வெள்ளிக்கிழமை ஊசிடி பாப்பா. இப்ப வந்து இப்படிச் சொல்றியே."

"ஒரு மாசம் தள்ளிப் போடு அக்கா. அவருக்கு என்னன்னு பாத்துட்டுப் போட்டுக்கலாம்."

"ஒரு மாசமா? உன் விரல் நேரா இருக்கு, நீ சொல்லுவ. என் சட்டைப் பொத்தான நானே போட்டு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? அவரு இல்லைன்னு சொல்லிட்டாரு. அவரு பண்ணின டெஸ்ட் அவருக்குத் தெரியாதா? உனக்கு அவர மட்டம் தட்டணும். எப்பவும் அதுதான்."

அவள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அவள் சொன்னதில் பாதி உண்மை, அவரை மட்டம் தட்ட எனக்கு ஆசைதான். அந்த ஆசையால்தான் இந்த உண்மையும் அவள் காதில் ஏறவில்லை. ஆத்திரத்தோடு வீட்டுக்குப் போனேன்.

ஊசிக்கு முந்தின நாள் மதிப்பீட்டுக் குழு கூடியது. பரிசோதனையை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வெளியிலிருந்து வந்த குழு. தலைவி ஒரு வயதான நெஞ்சு நோய் டாக்டர். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது, அவ்வளவு குள்ளம். பக்கத்தில் கொள்முதல் அதிகாரி. அத்தான் புது கோட்டு மாட்டிக்கொண்டு மேடை ஏறினார். திரையில் முதல் படம், வேறென்ன, அவருடைய படம்தான். சுருட்டிய கை, இளிப்பு, கையில் குழாய்.

புள்ளிவிவரங்களை மளமளவென்று ஒப்பித்தார். ஆரோக்கியமானவர்களில் ஒருவர்கூடத் தவறாகச் சீறவில்லை என்று முடித்தார். கைதட்டலுக்குக் காத்திருந்தார்.

"ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு" என்று நான் எழுந்தேன். "சொல்ல முடியாத ரிசல்ட்ட எல்லாம் இல்லைன்னு சேர்த்திருக்கோம். அப்புறம், ஆரோக்கியமானவங்கள்ல ஒருத்தர விலக்கியிருக்கோம்."

"யார விலக்கினீங்க?" என்றார் தலைவி.

"ஆ-1."

"காரணம்?"

"கையாளுதலில் தவறு" என்றார் அத்தான். "ஒரு டெக்னீஷியன் பொண்ணு..."

"எத்தனை தடவை எடுத்தீங்க?"

"மூணு."

"மூணு தடவையும் அந்தப் பொண்ணா?"

"மூணாவது நான் எடுத்தேன்" என்றேன்.

அத்தானுக்குச் சுருட்டையைப் பிடித்துக்கொள்ள இனி வழியில்லை. "அப்ப... அந்த ஒருத்தர் விஷயத்துல டெஸ்டே தப்புப் பண்ணியிருக்கும்" என்றார்.

எத்தனை வருஷத்து உழைப்பு! எத்தனை பேர் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்த வேலை! தனக்கு நோய் என்று ஒப்புக்கொள்வதைவிட அதைத் தூக்கிக் குப்பையில் போடுவது அவருக்கு லேசாக இருந்தது. அந்த நிமிஷத்தில் அவர்மேல் எனக்கிருந்த கடைசி மரியாதையும் போனது. அப்படி ஒன்று மிச்சம் இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"மூணு தடவை தப்புப் பண்ற டெஸ்டையா எங்கள வாங்கச் சொல்றீங்க?" என்றார் கொள்முதல் அதிகாரி.

பதில் சொல்ல வாயைத் திறந்த அத்தானுக்கு இருமல் வந்தது. விடாமல் வந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினார். பதற்றத்தில் கை கம்ப்யூட்டரில் பட்டு, திரை மறுபடி முதல் படத்துக்குப் போனது. தலைவி கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு திரையைப் பார்த்தார். குழாயில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தார். இருமுகிறவரைப் பார்த்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இது இளித்த வாயாலும் இருமிய வாயாலும் சேர்ந்தே கெட்டது.

அம்மையார் கைப்பையிலிருந்து ஒரு மாஸ்க்கை எடுத்து நீட்டினார். "முதல்ல இத மாட்டுங்க டைரக்டர். யாராவது ஜன்னல எல்லாம் திறங்க. எக்ஸ்ரே எங்க இருக்கு? நான் கூட வரேன்."

படத்தில் வலது நுரையீரலின் மேல்பக்கம் ஓட்டை விழுந்திருந்தது. சளியில் கிருமி இருந்தது. அன்று சாயங்காலமே தலைவியம்மா மூட்டு டாக்டருக்குப் போன் செய்தார். நான் சொன்னதையேதான் சொன்னார், அவர் சொன்னதும் டாக்டருக்குப் புரிந்துவிட்டது. ஊசி நின்றது. ஸ்டீராய்டு மாத்திரையைக் குறைத்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அக்கா மறுபடி ரத்தம் கொடுத்தாள். இந்தத் தடவை மூன்றாவது குழாய் சீறியது. இரண்டாவதும் சீறியது.

கிருமி அவளிடமும் போய்ச் சேர்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை அந்த ஊசி ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தலைவியம்மா அவளுக்கு நிதானமாகச் சொன்னார். வெளியே வந்ததும் அக்கா கோணிய கையால் என் கன்னத்தைத் தடவினாள்.

இத்தோடு அத்தான் அடங்கியிருப்பார் என்று நினைத்தால் அவரை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. கிருமியை எழுப்பாமலே ஒழிக்கும் மாத்திரைகளை அக்கா விழுங்கிக்கொண்டிருந்தாள். அத்தான் தன் மாத்திரைகளை விழுங்கி, இருமல் அடங்கி, உடம்பு தேறி எழுந்தார். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பது பழைய கதை. இவர் ஒட்டிய மண்ணையே திலகமாக இட்டுக்கொண்டார். "என் உயிரைக் காப்பாற்றியது என் கண்டுபிடிப்பு" என்று பேட்டி கொடுக்க ஆரம்பித்தார். ஆ-1 நான்தான் என்று மேடைக்கு மேடை மார்தட்டினார். சுருட்டைக்கு அனுப்பிய எச்சரிக்கை நோட்டீஸை மட்டும் திரும்பப் பெற மறந்துவிட்டார்.

குழு ஒரு நிபந்தனை போட்டிருந்தது. ரிப்போர்ட்டில் "சொல்ல முடியவில்லை" என்ற மூன்றாவது கட்டம் இருந்தால்தான் வாங்குவோம் என்று. "கண்டிப்பா" என்று எழுதிக் கொடுத்தார் அத்தான். வெளி ஆஸ்பத்திரிகளுக்கு இரண்டு கட்டத் தாள்களே போய்க்கொண்டிருந்தன. கேட்டால், அச்சடித்த கட்டு தீரட்டும் என்றார்.

பிறகு விளம்பரப் படம் எடுக்க ஆள் வந்தார். அத்தான் வீட்டு ஹாலில் விளக்குகளை நட்டு வைத்தார்கள். சோபாவில் அத்தான், பக்கத்தில் அக்கா, ஓரத்து நாற்காலியில் நான். அக்காவின் கைகள் தெரியாதபடி மடியில் ஒரு குஷனை வைக்கச் சொன்னவர் அத்தான்தான்.

"நீ பெருசா ஒண்ணும் பேச வேணாம். இந்த டெஸ்டப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லு, போதும்" என்றார்.

விளக்கு எரிந்தது. அக்கா கேமராவை நேராகப் பார்த்தாள்.

"நான் இவர நம்பினேன். என் தங்கச்சி நம்பல. அதனாலதான் நான் இன்னைக்கு உயிரோட இருக்கேன்."

படம் எடுப்பவர் கேமராவின் பின்னாலிருந்து தலையை நீட்டி அத்தானைப் பார்த்தார். எனக்கு எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. அத்தான் முகம் ஒரு கணம் தொங்கிப்போய், உடனே தேறிக்கொண்டது.

"பிரமாதம்" என்றார். "நடுவுல இருக்கற வரிய மட்டும் எடுத்துடலாம்."

எடுத்துவிட்டார்கள். படம் வெளிவந்தது. அதில் என் அக்கா அழகாக, விளக்கு வெளிச்சத்தில், "நான் இவர நம்பினேன். அதனாலதான் நான் இன்னைக்கு உயிரோட இருக்கேன்" என்கிறாள். அடுத்து இரண்டே கட்டங்களோடு ரிப்போர்ட் தாள் திரையில் பளிச்சென்று வருகிறது. ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். மூட்டுவாதக்காரர்கள் சிலர் அக்காவுக்கு நன்றிகூடச் சொல்லி அனுப்பினார்கள்.

அந்த நன்றிகளைப் படித்த அன்று அக்கா ஒரு பையில் மாத்திரைகளையும் இரண்டு மாற்று உடைகளையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"இவங்க எல்லாம் என் பேச்சக் கேட்டு ஊசி போட்டுக்கப் போறாங்க பாப்பா" என்றாள். "வெட்டினத நான் யார்கிட்ட போய்ச் சொல்லணும்?"

அவளுடைய விரலால் போனை அழுத்த முடியாது. தலைவியம்மாவின் எண்ணை நான் அழுத்தி, அக்காவின் காதருகே பிடித்தேன். மறுமுனையில் குரல் கேட்டதும் அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் டைரக்டரோட வீட்டுக்காரி பேசுறேன்" என்று ஆரம்பித்தாள்.